கொல்லன் கடன்

மனித வாழ்வு ஒரு கூர்முனையில் தொடங்குகிறது. தாயையும் சேயையும் பிணைத்திருந்த தொப்புள்கொடி அறுபட்ட பிறகே குழந்தை தனியுயிர் ஆகிறது. அன்று முதல் அடுக்களையிலும் வயலிலும் தோப்பிலும் கடலிலும் கத்தியின் துணையின்றி நம் நாள் ஒன்றும் நகர்வதில்லை. ஆயினும் கத்தி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே நம் நெஞ்சில் முதலில் எழுவது ஓர் அச்சம். உணவு ஆக்கித் தரும் கருவியே உயிரையும் வாங்கவல்லது என்று அறிந்திருப்பதால் எழும் அச்சம் அது. இந்த இருமையிலிருந்து ஒரு வினா பிறக்கின்றது. கத்தியால் விளையும் நன்மைக்கும் தீமைக்கும் அக்கத்தியைச் செய்தவன் எவ்வளவு பொறுப்பாளி?

இவ்வினா ஏட்டுக்குள் அடங்கிவிடும் வினாவன்று. சிறு பட்டறை வைத்துக் கையால் கத்தி வடித்துப் பிழைக்கும் ஒருவன், தன்னிடம் வந்து நிற்கும் முன்பின் அறியாதவனுக்கு அவன் கேட்ட வடிவில் கத்தி செய்து தரலாமா, கூடாதா என்று முடிவு செய்தாக வேண்டும். தந்தால் ஒருவேளை பழி. மறுத்தால் அன்றைய அடுப்பு எரியாது. அறநூல் வல்லார் ஓய்வாக இருந்து ஆராயும் சிக்கலை அவன் உலைமுன் நின்று நொடியில் தீர்க்க வேண்டியவனாகிறான். ஆகவே அவன் பக்கமிருந்து இதனை நோக்குவது தகும்.

எல்லை நிலத்துக் கத்திகள்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் தனுவச்சபுரம். 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்ததேயன்றி அடுக்களையைப் பிரிக்கவில்லை. கோட்டின் இருபுறமும் தேங்காய்க்கும் விறகுக்கும் வெட்டுக்கத்தி; மீனுக்கும் காய்க்கும் பிச்சாத்தி. பனையேறியின் இடுப்பில் அரிவாள்பெட்டி. அதனுள் பாளை அரிவாள். மலைச்சரிவுகளில் ரப்பர் மரம் வேரூன்றிய பின்னர்ப் பால்வெட்டுக் கத்தியும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு கத்தி. ஒவ்வொரு கத்திக்கும் ஒரு வளைவு, ஒரு கனம், ஒரு பிடி. இந்நிலத்து மக்கள் வாழும் வாழ்வை அவர்தம் கத்திகளைக் கொண்டே எழுதிவிடலாம்.

ஊரின் பெயரைச் செவிவழிப் பிரித்தால், தனுவை வைத்த புரம், அஃதாவது வில்லைக் கீழே வைத்த ஊர் என்றொரு பொருள் ஒலிக்கிறது. ‘வச்ச’ என்பது ‘வைத்த’ என்பதன் பேச்சு வடிவமன்றோ? படைக்கலத்தின் அறம் பற்றி ஆராய்வார்க்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

இன்றைய கொல்லன் பெரும்பாலும் கையாளும் இரும்பு, பழைய லாரிகளின் அடியில் பாரம் தாங்கிய வில்பட்டை. பல ஆண்டுகள் மேடுபள்ளங்களின் அதிர்ச்சியை ஏற்று வளைந்து நிமிர்ந்த எஃகு அது. அதனை வெட்டி, உலையிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்சி, அடித்து நீட்டி, வாய் வகுத்து, மீண்டும் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதம் ஏற்றுவான். தோய்ச்சல் மிகுந்தால் வாய் உடையும், குறைந்தால் மழுங்கும். நிறம் பார்த்து அந்தப் பதத்தை அறியும் கண் பல்லாண்டுப் பயிற்சியின் பயன். நம் மண்ணில் இவ்வறிவு நேற்று முளைத்ததன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் இரும்பு வாள்களும் ஈட்டிகளும் கிடைத்துள்ளன. அதற்கு அருகிலுள்ள சிவகளையில் கிடைத்த சான்றுகளின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. இரும்போடு நமக்குள்ள உறவு இத்துணைப் பழையது என்றால், இரும்பின் அறம் பற்றிய கவலையும் பழையதாகத்தானே இருக்கும்?

கடன் என்றவர்களும் விலக்கு என்றவர்களும்

இக்கவலைக்குப் பழந்தமிழர் தந்த விடைகள் இருவகைப்பட்டன. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் என்னும் புலவர், ஒரு மறக்குடித் தாயின் கூற்றாகப் பலருடைய கடன்களை வரிசைப்படுத்துகிறார். பெற்றுப் புறந்தருவது தாய்க்கு, சான்றோன் ஆக்குவது தந்தைக்கு என்று தொடங்கும் அவ்வரிசையில், வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு உரிய கடனாக வைக்கப்படுகிறது. பின்னர் அரசன் கடனும், இறுதியில் போர்க்களம் புகும் மகனின் கடனும் வருகின்றன. ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தாயும் தந்தையும் அரசனும் இடம்பெற்ற அதே வரிசையில் கொல்லனும் இடம்பெறுகிறான். அவன் கூலிக்கு வேலை செய்துவிட்டு ஒதுங்குபவன் அல்லன்; ஒரு செயலின் பங்காளி. பெருமையில் பங்கு உண்டு என்றால் பழியிலும் பங்கு உண்டு என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்நூலின் 95ஆம் பாடல் மற்றொரு காட்சியைத் தருகிறது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலில் மாலை சூட்டி நெய் பூசி வைத்த வேல்களைக் கண்டு புகழ்வார்போல், தம் அரசனுடைய வேல்களோ முனை முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று கூறுகிறார். போரின் கணக்கு அரண்மனையில் எழுதப்படுவதற்கு முன்பே கொல்லனின் கொட்டிலில் எழுதப்பட்டுவிடுகிறது. எத்தனை முனை முறிந்தது என்பதை அறிந்தவன் அவன். எத்தனை உயிர் போயிற்று என்பதையும் அவன் கணித்திருக்கக் கூடும். ஆனால் அவ்வேல்களைத் திருத்தித் தரலாமா என்று அவன் எண்ணிப் பார்த்ததாக அப்பாடல் கூறவில்லை. வீரயுகத்தில் அது வினாவாகவே எழவில்லை போலும்.

அவ்வினாவை எழுப்பியவர்கள் அறவோர். இல்லறத்தார் செய்யத்தகாத வாணிகங்கள் ஐந்து என்று புத்தர் வகுத்தார். படைக்கலம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு என்பன அவை. முதலில் நிற்பது படைக்கலமே. சமணமோ இன்னும் நுட்பமாகச் சென்றது. இல்லறச் சமணர் விலக்க வேண்டிய பயனற்ற தீங்குகளுள், கொலைக்குத் துணையாகும் கருவிகளைப் பிறர்க்கு வழங்குவதும் ஒன்று என்று சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் கூறுகிறது. தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலின் வழிவந்தது. இவ்வறம் நம் எல்லை நிலத்துக்குப் புறம்பானதும் அன்று. மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் குன்றில், ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இன்றும் பாறையில் அமர்ந்திருக்கின்றன. தனுவச்சபுரத்திலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய் மீளும் தொலைவே அது. கையில் எதுவும் ஏந்தாத அத்திருமேனிகள் குன்றின் மேல். வெட்டுக்கத்தி ஏந்திய மக்கள் குன்றின் கீழ். பல நூற்றாண்டுகளாக இவ்விரண்டும் இங்கே அருகருகே வாழ்ந்து வந்துள்ளன.

ஆயின் சமண நூல் விலக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் ஒரு திகைப்பு உண்டாகும். வாளோடு கோடரியும் மண்வெட்டியும் நெருப்புங்கூட அதில் உள்ளன. இவற்றையெல்லாம் கொடுக்கலாகாது என்றால் உழவும் இல்லை, சமையலும் இல்லை. அப்படியாயின் அவ்வறம் வாழ்வுக்கு ஒவ்வாததா? அன்று. அவர்கள் அதற்கு இட்ட பெயரே நமக்கு வழிகாட்டுகிறது. அனர்த்த தண்டம் என்பது பயனின்றிச் செய்யும் தீங்கு. வாழ்வுக்குத் தேவையான இடத்தில் நிகழ்வது வேறு; தேவையின்றி, எண்ணாமல், கேட்டவனுக்கெல்லாம் கொலைக்கருவியை எடுத்து நீட்டுவது வேறு. ஆக, இரும்பின் மேல் ஏறிய பழி இங்கே நோக்கத்தின் மேல் மாறுகிறது. இம்மாற்றமே நம் ஆராய்ச்சிக்கு முதற்படி.

கருவியும் கருத்தாவும்

இரண்டாம் படியை நம் இலக்கணமே அமைத்துத் தருகிறது. சமணரான பவணந்தியார் நன்னூலில் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்னும் மூன்று பொருள்களைக் கூறினார். கத்தியால் வெட்டினான் என்னும்போது கத்தி கருவி. கள்வனால் வெட்டப்பட்டான் என்னும்போது கள்வன் கருத்தா. இரண்டுக்கும் உருபு ஒன்றே. கருவியையும் வினைமுதலையும் மயங்கக் கருதுவது மனித இயல்பு என்பதை அறிந்தே மொழி இரண்டையும் ஓர் உருபில் வைத்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. கத்தி கொன்றது என்று நாம் பேசுகிறோம். உண்மையில் கத்தி எதனையும் கொல்வதில்லை.

கருத்தாவையும் இலக்கண நூலார் இருவகையாகப் பிரித்தனர். தன் கையால் செய்பவன் இயற்றுதற் கருத்தா. பிறரை ஏவிச் செய்விப்பவன் ஏவுதற் கருத்தா. தச்சன் கட்டிய கோயில் என்றாலும் அரசன் கட்டிய கோயில் என்றாலும் பொருந்துவது இதனால். இனி ஒரு கொலையை எடுத்துக்கொள்வோம். குத்தியவன் இயற்றுதற் கருத்தா. கூலி கொடுத்து ஏவியவன் ஏவுதற் கருத்தா. கத்தி கருவி. கொல்லனுக்கு இவ்வாக்கியத்தில் எங்கே இடம்? எங்கும் இல்லை. கொலை நிகழ்வதற்கு எத்தனையோ நாள் முன்பே அவன் வேலை முடிந்துவிட்டது. கொல்லன் என்னும் சொல்லிலுள்ள ‘கொல்’ என்பதற்கு இரும்பு, கொற்றொழில் என்னும் பொருள்களும் உண்டு என்பதை மறந்து, அதனைக் கொலையோடு இணைத்து வேடிக்கை பேசுவார் செய்வது சொல்லுக்கும் பிழை, மனிதனுக்கும் பிழை.

மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை இங்கே நினைவுகூரலாம். திருக்கோவலூரை ஆண்ட அவரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், திருநீறு பூசி அடியார் வேடம் தாங்கி, ஏட்டுச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து குத்தினான் என்பது பெரியபுராணம். அக்கத்தியை வடித்த கொல்லன் யார் என்று சேக்கிழார் கூறவில்லை. கேட்பார்க்கும் அந்த எண்ணம் எழுவதில்லை. சுவடிக்கட்டைக் கட்டியவனையோ திருநீற்றை ஆக்கியவனையோ நாம் பழிப்பதும் இல்லை. தொழுத கைக்குள்ளும் படை ஒடுங்கியிருக்கக் கூடும் என்று வள்ளுவர் எச்சரித்தது கையை நோக்கியே.

அப்படியானால் கொல்லன் முற்றும் விடுபட்டானா? இங்கேதான் மூன்றாம் பொருளாகிய உடனிகழ்வு வந்து நிற்கிறது. ஓடு என்னும் உருபு உடன் நிகழ்வோரைக் குறிப்பது. வந்தவனின் நோக்கம் தெரியாதவரை கொல்லன் அச்செயலோடு சேராதவன். தெரிந்த பின்னும் செய்து கொடுத்தானாயின், அவன் அந்நொடியே அவனோடு சேர்கிறான். இரும்பு அதே இரும்பு. உலை அதே உலை. இடையில் மாறியது அவன் அறிவு ஒன்றே. அறிவு வந்து சேரும்போது பொறுப்பும் உடன் வந்து சேர்கிறது.

அளவுகோலின் எல்லை

அரசின் சட்டம் மனத்தை அளக்க முடியாது. ஆதலின் அது இரும்பை அளக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962இல் எழுந்த விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2016இல் வந்த விதிகளும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளைப் படைக்கல வகையில் சேர்க்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்களுக்கென அமைந்தவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. அளவுகோலை எடுத்த சட்டமே உடனே பயன் என்னும் சொல்லைத் துணைக்கு அழைத்துக்கொண்டது காண்க. அளவு மட்டும் போதுமென்றால் தென்னந்தோப்பு வெட்டுக்கத்திகள் பல குற்றக்கூண்டில் ஏற வேண்டிவரும். நான்கு அங்குலக் கத்தி ஒன்று உயிரை வாங்கிவிட்டுத் தப்பிச் செல்லும்.

வரலாறும் இதனையே உரைக்கின்றது. மலபாரில் மாப்பிள்ளைமார் கிளர்ச்சிகள் தொடர்ந்தபோது, 1854இல் ஆங்கில ஆட்சி போர்க்கத்திகளைத் தடைசெய்து ஒரு தனிச்சட்டமே இயற்றியது. மாவட்ட ஆட்சியர் கனோலி நாடெங்கும் சுற்றி ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கத்திகளைத் திரட்டினார். 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டில் தம் இல்லத்திலேயே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கத்திகளைத் திரட்டியவரால் பகையைத் திரட்டி அப்புறப்படுத்த முடியவில்லை. வடக்கே இராம்பூரில், பெயர்பெற்ற மடக்குக் கத்திகளின் அலகு நாலரை அங்குலத்தை மிஞ்சலாகாது என்று 1990களில் கட்டுப்பாடு வந்தது; அதன் பின்னர் அத்தொழில் மெலிந்தது. 2023இல் அதே நகரில், இருபது அடி நீளத்தில் ஒரு மாபெரும் கத்தி நினைவுச்சின்னமாக நிறுவப்பட்டது. தொழில் நலிந்த பின்னர் அதற்குச் சிலை எழுப்புவது நம் நாட்டு வழக்கம்போலும்.

தமிழகத்தில் திருப்பாச்சேத்தி அரிவாள் பெயர்பெற்றது. வயலுக்கும் வேலிக்கும் காவல் தெய்வத்தின் நேர்த்திக்கடனுக்கும் வடிக்கப்பட்ட அவ்வரிவாளின் பெயரைத் திரைப்படமும் மேடைப்பேச்சும் அடிதடிக்கு அடைமொழியாக்கிவிட்டன. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறை மாநிலம் முழுதும் தேடுதல் நடத்தி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆயுதங்களைக் கைப்பற்றியது. அத்துடன், கத்தியும் அரிவாளும் செய்வோரும் விற்போரும் வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கும் நோக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. உலையின் முன் சம்மட்டி பிடித்த கை எழுதுகோலும் பிடிக்க வேண்டியதாயிற்று.

இக்கட்டளையைக் கொல்லர்மீது சுமத்திய இழிவாகக் காண்பாரும் உளர். நாட்டு நலனுக்கு இன்றியமையாதது என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் நுணுகி நோக்கினால், இப்பதிவேடு புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை. பழைய ஊர்க்கொல்லனிடம் இப்பதிவேடு நினைவில் இருந்தது. இன்னாருக்கு இன்ன கத்தி, இவர் கைக்கு இத்தனை கனம், இவர் இடக்கையர் என்பதெல்லாம் அவன் அறிவான். இரவில் சினத்தோடு வந்து அரிவாளைத் தீட்டிக் கேட்பவனிடம், “நாளைக் காலையில் வா” என்று சொல்லி அனுப்பும் உரிமையும் அவனுக்கு இருந்தது. அந்த ஓர் இரவு சில வேளைகளில் ஓர் உயிரைக் காத்திருக்கும். ஊரும் உறவும் தந்த அந்த அறிவைச் சந்தை அழித்துவிட்டது; அழிந்த இடத்தில் அரசு ஒரு தாளை வைத்திருக்கிறது.

வடிவம் பேசும் மொழி

இன்று கொல்லனின் நிலை மேலும் மாறிவிட்டது. ஊர்ச்சந்தையில் ஆலைக்கத்தி மலிந்ததால் அவனிடம் வருவோர் குறைந்தனர். அதே காலத்தில், கையால் வடித்த கத்திக்கென ஆர்வலர் கூட்டம் ஒன்று நாடெங்கும் தோன்றியுள்ளது. சிறு பட்டறைகள் நல்ல எஃகில் அழகிய கத்திகளைச் செய்து அஞ்சலில் தொலைவூர்களுக்கு அனுப்புகின்றன. அவற்றுள் ஒரு பிரிவு ‘டாக்டிகல்’ என்னும் அடைமொழி தாங்கி வருகின்றது. போர்வீரர்க்கும் மீட்புப் பணியாளர்க்கும் உரிய கருவிகள் என்பது அதன் பொருள். வாங்குபவரில் பலர் போர்வீரரும் அல்லர். மீட்புப் பணியாளரும் அல்லர். வாங்குபவன் முகத்தைச் செய்பவன் காண்பதே இல்லை. இந்நிலையில் அவன் எதனை அறிய முடியும்? எதற்குப் பொறுப்பேற்க முடியும்?

என் கருத்தில், அவன் கையில் எஞ்சி நிற்பது ஒன்றுண்டு. அது வடிவம். வாங்குபவன் நெஞ்சைக் கொல்லன் அறியான். ஆனால் தான் வடிக்கும் வடிவத்தை அவன் நன்கு அறிவான். வெட்டுக்கத்தியின் முன்பாரம் தேங்காயை நோக்கிப் பேசுகிறது. பாளை அரிவாளின் மெல்லிய வாய் பாளையை நோக்கிப் பேசுகிறது. விபத்தில் சிக்கியவரின் இருக்கைப்பட்டையை அறுக்கும் மீட்புக் கருவியில் அலகு ஒரு கொக்கியின் உட்புறம் ஒடுங்கியிருக்கும். முனையோ மழுங்கலாக இருக்கும். உயிரைக் காக்க வந்த கருவி, காக்கும்போது தவறியும் குத்திவிடக் கூடாது என்னும் இரக்கம் அந்த வடிவிலேயே உள்ளது. இருபுறமும் வாய் தீட்டி, முனை கூர்த்து, உடைக்குள் மறைவதற்கென்றே அமைந்த குத்துவாளோ ஒரே திசையில்தான் பேசுகிறது. அதனால் காயும் நறுக்க இயலாது. கயிறும் செவ்வையாக அறுக்க இயலாது. அதன் மொழியைப் படிக்கத் தெரியாது என்று எந்தக் கொல்லனும் சொல்ல இயலாது. ஏனெனில் அதனை எழுதியவனே அவன்.

மேலைநாட்டுச் சட்டமும் மெல்ல இத்திசையில் நகர்ந்து வருகின்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் ‘சோம்பி’ கத்திகள் எனப்படுவனவற்றுள், வன்முறையைத் தூண்டும் சொல்லோ படமோ பொறித்தவை 2016இல் தடைசெய்யப்பட்டன. செய்வோர் சொல்லை நீக்கிவிட்டுக் கத்தியை விற்றனர். 2024 செப்டம்பர் 24 முதல், எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அலகோடு ரம்பப்பல், முள், பல துளைகள் போன்ற அச்சுறுத்தும் கூறுகளும் கொண்ட வடிவங்களே தடைக்குள் வந்தன. அச்சட்டங்கள் கொலைகளைத் தடுத்துவிடும் என்று கூற வரவில்லை. கத்தியின் நோக்கம் அதன் உருவிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

கூர்மையும் கொடுமையும்

இவ்வாறு கூறுவதால் கூர்மையே தீது என்று கொள்ளலாகாது. இதற்குப் பால்வெட்டுக் கத்தியினும் சிறந்த சான்று இல்லை. ரப்பர் மரத்தில் பால் ஊறுவது பட்டையின் உள்ளடுக்கில். அதற்கும் உள்ளே, மரத்தைப் பருக்கச் செய்யும் வளர்திசு ஒரு மெல்லிய போர்வைபோல் சூழ்ந்திருக்கிறது. பால்வெட்டுபவன் விடியுமுன் எழுந்து, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அவ்வளர்திசுவுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தொலைவில் நிறுத்த வேண்டும். அங்கு நிறுத்தத் தவறினால் மரம் காயமுறும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அவ்விடத்தில் வெட்ட இயலாது. கத்தி மழுங்கலாயின் கை அழுத்தும். கை அழுத்தினால் காயம் ஆழமாகும். கத்தி கூராயின் கை மென்மையாகும். ஆக, மரத்தைக் காப்பது கூர்மையே, வருத்துவது மழுக்கமே.

அக்கத்தியை வடித்துத் தீட்டித் தரும் கொல்லன் மரத்தையும் வெட்டுபவன் கூலியையும் ஒருங்கே காப்பவன் ஆகிறான். வெட்டுவது எளிய செயல். வெட்ட வேண்டிய அளவோடு நிற்பதே அரிய செயல். அந்த நிற்றலுக்கு இடந்தரும் கத்தியே நல்ல கத்தி. அறத்தைக் கொல்லன் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. நன்றாகச் செய்தல் என்னும் அவன் தொழிலொழுக்கத்துக்குள்ளேயே அது பாதி அடங்கிவிடுகிறது. மீதிப் பாதி, எதனை நன்றாகச் செய்வது என்னும் தேர்வில் இருக்கிறது.

இரண்டு வாள்கள்

போர்வாளுக்கும் இந்நிலம் ஓர் இடம் வகுத்துத் தந்துள்ளது. தனுவச்சபுரத்தில் 1964இல் தோன்றிய கல்லூரி, வேலுத்தம்பித் தளவாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த அவர், 1809 ஜனவரியில் குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிராக அறைகூவல் விடுத்து, அவ்வாண்டிலேயே மண்ணடியில் உயிர் துறந்தார். அவரது வாள் கிளிமானூர் அரண்மனையில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காக்கப்பட்டு, 1957இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த அது 2010இல் திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. அந்த வாளின் பெயரால் ஏற்பட்ட பெருமை, அது கீழே வைக்கப்பட்ட பின்னரும் வாழ்கிறது. அவர் பெயரால் எழுந்த நினைவிடம் ஒரு கல்விச்சாலையாக அமைந்ததும் பொருத்தமே.

மற்றொரு வாள் ஆண்டுதோறும் இவ்வழியே செல்கிறது. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது, அரண்மனையில் உடைவாள் கைமாற்றப்பட்டு ஊர்வலத்தின் முன்னே செல்லும். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கி அது தலைநகர் சேர்கிறது. வாள் முன்னே சென்றாலும் விழா வாளுக்கன்று; கலைமகளுக்கு. அவ்விழாவின் முடிவில் வீடுகளில் அரிவாள்மணையும் கத்தியும் சந்தனமும் குங்குமமும் பெற்று ஏட்டின் அருகே அமர்கின்றன. அந்த ஒருநாள் அவற்றை யாரும் எடுப்பதில்லை. கருவியை வணங்குவது என்பது அதனை எடுக்காமல் வைத்திருக்கக் கற்பதும் ஆகும்.

முடிவாக

இதுகாறும் கண்டவற்றால், கொல்லனின் கடன் இன்னது என்று ஒருவாறு தெளியலாம். பிறன் கையால் விளைந்த கொலைக்கு அவன் வினைமுதல் ஆகான். ஆயினும் அறிந்து கொடுத்தால் உடனிகழ்வான். அறிய வழியில்லாத இக்காலத்தில், தான் வடிக்கும் வடிவுக்கு அவன் பொறுப்பாவான். வாழ்வுக்குப் பயன்படாத, அச்சுறுத்தவும் குத்தவும் மட்டுமே உரிய ஒன்றை வடிக்க மாட்டேன் என்று மறுக்கும் உரிமை அவனுக்கு வேண்டும். அவ்வாறு மறுத்தவன் பட்டினி கிடவாமல் காப்பது சமுதாயத்தின் கடன்.

இப்பின்னதை நாம் மறந்துவிடுகிறோம். உண்பதற்காக ஊனை விரும்புவோர் இல்லையாயின் விலைக்கு ஊன் தருவாரும் இரார் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. கத்திக்கும் அது பொருந்தும். வீரத்தை இடுப்பில் செருகி வலம்வர விரும்புவோர் உள்ளவரை அதனைச் செய்து விற்போரும் இருப்பர். பொன்முடியார் வரிசைப்படுத்திய கடன்களில் கொல்லனுக்கு முன்னே தாயும் தந்தையும் நின்றதை நினைக்க வேண்டும். வேலை வடிப்பவனுக்கு முன் மகனை வடிப்பவர்கள் அவர்கள். மகனைச் சான்றோன் ஆக்கும் கடனை வீடும் பள்ளியும் கைவிட்டுவிட்டு, கொல்லனின் பதிவேட்டைப் புரட்டிக் குற்றவாளியைத் தேடுவது முறையாகாது.

எல்லை நிலத்து உலைகள் சில இன்னும் அணையாதிருக்கின்றன. அவற்றில் பாரம் தாங்கிய பழைய வில்பட்டை காய்ந்து, அடியுண்டு, தோய்ந்து, மரத்துக்கு நோகாமல் பால் எடுக்கும் கத்தியாகவும், தேங்காய் பிளக்கும் வெட்டுக்கத்தியாகவும் பிறக்கின்றது. அவ்வுலைகளுக்கு வேண்டிய வேலையை நாம் தருவோமாயின், வேண்டாத வேலையை அவை தேடிச் செல்லா.